ஆமைக்கு ஐந்துக்கு ஐந்து

“எனக்குக் கை வலிக்குது. இந்த மவுஸ் எனக்கு ஆகாது. வேற குடுங்க.”

காலை ஒன்பது மணிக் கூட்டத்தில், அறுபது பேரும் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது, அவள் இதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அக்கா அவள் பாதத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மிதி பிந்திவிட்டது. சொல் வாயைத் தாண்டி, கூடத்தின் அந்தக் கோடிவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை மட்டும் கேட்காதே என்றுதான் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா சொல்லியிருந்தாள். “லீவு கேளு, நாற்காலி மாத்திக் கேளு, ஏசி குளிருதுன்னு சண்டை போடு. கை வலிக்குதுன்னு மட்டும் வாயைத் திறந்துராதே. இங்க கைதான்டி வேலை. கை வலிக்குதுன்னா வேலை முடியலைன்னு அர்த்தம்.” சொல்லிக்கொடுத்த வார்த்தையும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு வரும்? இவளுக்கு இரண்டரை வருஷம் வந்திருக்கிறது. அதுவே அதிகம்.

அந்த அலுவலகத்தின் தொழில் விளையாட்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். “விளையாடறதுக்கா சம்பளம் தர்றான்?” என்று அவள் அப்பாவே கேட்டார். அவர் மூட்டை தூக்குகிறவர், அம்மா இஸ்திரி போடுகிறவள். உடம்பை விற்றுச் சோறு வாங்கிய குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. பெண்ணாவது உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிறாளே என்று இருவருக்கும் பெருமை. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் தின்கிற வேலையும் உண்டு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சந்தைக்கு வராத கணினி விளையாட்டுகள் அரைவேக்காடாக அங்கே வந்து இறங்கும். சோதனைக்காரர்கள் ஒரே கட்டத்தை நூறு தடவை, இருநூறு தடவை ஆடி, எங்கே சுவருக்குள் ஆள் புகுந்து போகிறான், எங்கே குதிரை தலைகீழாக ஓடுகிறது என்று கோளாறு பிடிக்க வேண்டும். மத்தியானம் வரை ஆட்டம். அதற்குமேல், பிடித்த கோளாறுகளைக் கட்டம் கட்டமாகப் பட்டியலில் ஏற்றும் வேலை. ஆட்டத்துக்கும் எழுத்துக்கும் ஒரே மவுஸ், ஒரே கை. ஒன்பது மணி நேரம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிக்கும் கடிதம் வரும். கை வலி என்று சொன்ன இரண்டு பேருக்கு அந்தக் கடிதம் வரவில்லை. யாரும் துரத்தவில்லை, திட்டவில்லை. கடிதம் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அறுபது பேருக்கும் கை வலிப்பதே இல்லை. கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்ப்பார்கள். வாசனை போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். குழுத் தலைவர் தலை மறைந்ததும் மவுஸை இடது கைக்கு மாற்றுவார்கள், தலை தெரிந்ததும் வலது கைக்குத் திருப்புவார்கள். ஒன்பது வருஷச் சீனியரான அக்கா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். கேட்டால், “மரியாதை” என்பாள்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை கடிதம் வர வேண்டும். இன்று புதன்.

குழுத் தலைவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். ஆறடி உயரம், முறம் மாதிரி இரண்டு கை, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற வழக்கம். இன்று சிரிக்கவில்லை.

“என்னம்மா சொன்னே?”

“கை வலிக்குதுன்னு சொன்னேன் கேப்டன்.”

“அது கேட்டுச்சு. அதுக்கப்புறம்?”

“ஆமை வேணாம்னு சொன்னேன்.”

பழைய மவுஸ்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்ததால் அறுபது புது மவுஸ் வாங்குவதாக இருந்தார்கள். மூன்று மாதிரிகள் வந்தன. தட்டையாக, வழுக்கிக்கொண்டு, இரண்டு கைக்கும் பொதுவாக இருந்ததற்குச் சோப்பு என்று பெயர் வைத்தார்கள். சின்னதாக, முதுகு மட்டும் லேசாக எழும்பி உள்ளங்கைக்குள் அடங்கியது கூழாங்கல். மூன்றாவதுதான் ஆமை. கனத்த ஓடு, வயிற்றைச் சுற்றி மினுக்கு விளக்கு, கட்டைவிரல் பக்கம் வரிசையாக நான்கு பொத்தான்கள். வலது கையை நினைத்தே வார்த்தது. ஆட்டக்காரர்களுக்கென்றே செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தது. கேப்டன் அதைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், “இதுதான்டா மவுஸ்!” என்றார். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, ‘விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்கும் சௌகரியமா’ என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தாள் கொடுத்தார்கள். தாளின் மூலையில் மேசை எண். எழுதும்போது மேசைக்குப் பின்னால் கேப்டன். வெள்ளிக்கிழமை கடிதத்துக்குச் சிபாரிசு எழுதுகிறவரும் அவரே.

அறுபது தாளிலும் ஆமைக்கு ஐந்துக்கு ஐந்து.

“முப்பத்தொண்ணாம் மேசை. நீ எத்தனை போட்டே?” என்றார் கேப்டன்.

“அஞ்சு.”

“அஞ்சு போட்டுட்டு இன்னைக்கு வந்து ஆகாதுங்கறே.”

“பொய் போட்டேன் கேப்டன்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் போட்ட பொய்தான், ஆனால் பொய் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது வந்து நிற்கிறது.

“சரி” என்றார் கேப்டன் நிதானமாக. “அப்ப இந்த ஆறு மாசத்துல நீ எழுதின கோளாறு நானூத்திச் சொச்சம். அதுல எத்தனை பொய்?”

அவளுக்கு முகம் சிவந்தது. இந்த அடி இந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவள் நினைக்கவில்லை.

“அதுல ஒண்ணுகூட இல்ல. மூணு தடவை பார்க்காம நான் எதையும் ஏத்தினதில்ல. உங்களுக்கே தெரியும்.”

“வா. மேடம்கிட்ட சொல்லு.”

மேலாளரின் அறை கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, ஆனால் உள்ளே இருப்பவர்களின் வாய் அசைவதை அறுபது பேரும் பார்க்கலாம். மேடம் ஐம்பதை ஒட்டியவர், ஒருகாலத்தில் இதே கூடத்தில் சோதனைக்காரியாக இருந்தவர். கேப்டன் சொன்னதைக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“டாக்டர்கிட்டப் போனியா?”

“போனேன் மேடம். கட்டைவிரல் அடியில தசைநார் உறை வீங்கியிருக்காம். இப்பவே பிடியை மாத்தினா சரியாகும். இன்னும் ஆறு மாசம் இப்படியே ஓட்டினா அறுக்கணும்னார். அறுத்தாலும் பழைய பலம் வரும்னு உறுதி சொல்ல மாட்டேன்னுட்டார்.”

“பழைய மவுஸால வந்ததுதானே? ஆமையை இன்னும் வாங்கவே இல்லையே.”

“வந்தது பழசால. கையை மொத்தமா முடிக்கப் போறது ஆமை. அந்த ஒரு மணி நேரம் ஆடின ராத்திரி பேனா பிடிக்க முடியல மேடம்.”

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு ஆர்டர் போகுது. உன் ஒருத்தி பேச்சுக்கு அதை நிறுத்த முடியாது.”

“பேச்சுக்கு நிறுத்த வேணாம். கோளாறுன்னு எடுத்துக்கங்க. மூணு தடவை காட்டறேன்.”

கேப்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த அலுவலகத்தின் சட்டம் அது. எந்தக் கோளாறும் ஒரு தடவை வந்தால் கண்மயக்கம், இரண்டு தடவை வந்தால் சந்தேகம், அதே படிகளில் மூன்றாம் தடவையும் வந்தால்தான் கோளாறு. இதைப் புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பவர் கேப்டன்தான்.

“மூணாம் கட்டம். கயித்துப் பாலம்” என்றாள் அவள். “அங்கதான் வரும்.”

பத்து மணிக்கு மேடத்தின் மேசையிலேயே ஆமையைச் செருகி உட்கார வைத்தார்கள். கயிற்றுப் பாலத்தில் வில்லை நாணேற்றிப் பிடித்தபடியே நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். வலது பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. அடிக்கடி திரும்பி அம்பு விட வேண்டியிருப்பதால் மவுஸ் மேசை விளிம்புக்குப் போய்விடும், தூக்கி நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கைக்கு ஆமையின் ஓடு அகலம். தூக்குவதற்குக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திக் கவ்வியாக வேண்டும். கவ்வுகிற இடத்தில்தான் அந்த நான்கு பொத்தான்கள். இரண்டாவது பொத்தான், ஆயுதத்தைக் கீழே போடுவது.

இருபத்திமூன்றாம் நிமிடத்தில் வில் நழுவி ஆற்றில் விழுந்தது.

“ஒண்ணு” என்றாள்.

இரண்டாவது தடவை பத்தொன்பதாம் நிமிடம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை யாரோ சூடான கம்பியை உள்ளே விட்டு மெல்ல இழுக்கிற மாதிரி இருந்தது. முகத்தில் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். பிறகு யோசித்தாள், எதற்குக் காட்டக் கூடாது? இரண்டரை வருஷமாகப் பழகிய முகம், அதுவே மறைக்கிறது. கேப்டன் அவள் கட்டைவிரலுக்கு மேலே குனிந்து, கழுகு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு.”

மூன்றாவது தடவை பதினோராம் நிமிடம். வில் விழுந்ததோடு, அவள் கையிலிருந்து மவுஸும் விழுந்தது.

“மூணு” என்றார் மேடம்.

“வேணும்னே அழுத்தறா மேடம்” என்றார் கேப்டன்.

“என் கட்டைவிரலைத்தானே முழுங்கற மாதிரி பார்த்துட்டு இருந்தீங்க? சொல்லுங்க, வேணும்னு அழுத்தினேனா?”

கேப்டன் குனிந்த தலையை நிமிர்த்தினார். அந்த விஷயத்தில் ஆள் யோக்கியன், கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல்ல வராது. அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அவர் கைக்குள் ஆமை குஞ்சாகிவிட்டது. பாலத்தில் ஒய்யாரமாக நடந்து அக்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டு, நாற்காலியைத் திருப்பினார்.

“எனக்கு வரலையே.”

“‘எனக்கு வரலைன்னு சொல்றவன் சோதனைக்காரன் இல்ல, செஞ்சவனுக்குச் சொந்தக்காரன்.’ இதைச் சொன்னது யாரு கேப்டன்?”

மேடத்தின் உதட்டோரம் ஒரு கணம் துடித்து அடங்கியது. கேப்டனின் காது சிவந்தது. அவர் சொன்னதுதான், வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வதுதான்.

“கூழாங்கல்லைச் செருகு” என்றார் மேடம்.

அதை வைத்துக்கொண்டு அதே பாலத்தை அவள் ஒரே மூச்சில் கடந்தாள். வலி இருந்தது. ஆனால் வில் விழவில்லை, கட்டைவிரல் எதையும் கவ்வ வேண்டியிருக்கவில்லை. பிறகு அரை மணி நேரம் பட்டியலில் கட்டங்களை நிரப்பிக் காட்டினாள், ஆட்டத்துக்கு ஆகிறது எழுத்து வேலைக்கும் ஆகும் என்று. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்ற எல்லாரும் வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இது உன் கைக்குச் சரி” என்றார் கேப்டன். “ஒத்துக்கறேன். ஆனா ஊருக்கெல்லாம் ஒத்துக்கிட்டது உனக்கு மட்டும் ஒத்துக்கலைன்னா, கோளாறு மவுஸ்ல இல்லம்மா.”

“ஊருக்கு ஒத்துக்கிச்சுன்னு யார் சொன்னா?”

“அறுபது தாள் சொல்லுது.”

“அக்காவைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூப்பிட்டார்கள். அக்கா வந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஆமை எப்படி இருக்கு?” என்றார் மேடம்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. “நல்லா இருக்கு மேடம். கைக்குப் பதமா இருக்கு.”

“வலி ஏதாவது?”

“எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அக்கா போகும்போது கதவின் கைப்பிடியை முழங்கையால் அழுத்தித்தான் திறந்தாள். அதை மேடம் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. ‘அக்கா, டம்ளரை ஒத்தைக் கையால பிடிச்சுக் காட்டு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வழக்கு முடிந்துவிடும். அக்காவின் வேலையும் முடிந்துவிடும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். கோபம் அக்காமேல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

“நம்பலைன்னா படிக்கறேன்” என்று கேப்டன் தாள்கட்டை எடுத்தார். ஜெயித்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறவர் மாதிரி, விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். “ஒண்ணாம் மேசை, அஞ்சு. ரெண்டு, அஞ்சு. மூணு, அஞ்சு. ‘மிகவும் சௌகரியம்’னு வேற எழுதியிருக்கான் பாருங்க. நாலு, அஞ்சு...”

இப்படியே படித்துக்கொண்டு போனால் எந்தத் தாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் அந்தத் தாள் இருபத்திரண்டாவது. அந்த மேசைக்காரனை லெஃப்ட் என்று கூப்பிடுவார்கள், பிறவியிலேயே இடது கைக்காரன். கையெழுத்து, சாப்பாடு, மவுஸ் எல்லாம் அந்தக் கைதான். வலது கைக்கென்றே வார்த்த ஆமைக்கு அவன் என்ன போட்டான் என்பது அவளுக்குத் தெரியும், எதிர் மேசை. போன வாரத்திலிருந்து அதை உள்ளேயே வைத்திருக்கிறாள். சொன்னால் அவன் மாட்டுவான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“இருபது, அஞ்சு. இருபத்தொண்ணு, அஞ்சு. இருபத்திரண்டு, அஞ்சு. கையமைப்புக்குக் கச்சிதமா இருக்காம். இருபத்திமூணு...”

“நில்லுங்க” என்றார் மேடம். “இருபத்திரண்டு யாரு?”

“நம்ம லெஃ...”

பெயர் பாதியில் நின்றது. கேப்டன் தாளை ஒருமுறை பார்த்தார். மேசைமேல் கிடந்த ஆமையை ஒருமுறை பார்த்தார்.

“கூப்பிடுங்க” என்றார் மேடம்.

லெஃப்ட் வந்தான். ஒல்லியாக, எப்போதும் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் மாதிரி நிற்பான். மேடம் ஆமையை அவன் பக்கம் தள்ளினார்.

“பிடிச்சுக் காட்டுப்பா.”

அவன் ஆமையைப் பார்த்தான். கேப்டனைப் பார்த்தான். பிறகு இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையை நீட்டி அதைப் பிடித்தான். சுட்டி திரையில் குடிகாரன் மாதிரித் தள்ளாடியது.

“சௌகரியமா இருக்கா?”

“ரொம்ப சௌகரியம் மேடம்.”

“நீ இடது கைக்காரன் இல்லையா?”

“மாத்திக்கறேன் மேடம். பழகிட்டு வரேன். வீட்டுல ராத்திரியெல்லாம் வலது கைலதான் எழுதிப் பழகறேன்.”

சிரிக்க வேண்டிய பேச்சு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு மவுஸுக்காகப் பிறவிக் கையை மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வளர்ந்த மனிதன் சொல்லிக்கொண்டு நிற்கிறான்.

“அவனை விடுங்க மேடம்” என்றாள். “அவன்மேல தப்பில்ல. மூலைல மேசை நம்பர் போட்டா யாரும் உண்மை எழுத மாட்டாங்க. நம்பர் இல்லாம வெறும் தாள் குடுங்க. ஒரு மணி நேரம் போதும். நாலு மணிக்கு முன்னாடி எது வேணும்னு தெரிஞ்சிரும்.”

மேடம் கேப்டனையும் லெஃப்டையும் வெளியே போகச் சொன்னார். போகும்போது கேப்டன் தாள்கட்டை எடுக்கப் போனார். “அது இருக்கட்டும்” என்றார் மேடம்.

இருவரும் தனியானதும் மேடம் அவள் கையைப் பார்த்துக் கேட்டார்.

“டாக்டர் எப்படிக் கண்டுபிடிச்சார்?”

“கட்டைவிரலை உள்ள மடக்கி முட்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். உயிர் போயிருச்சு.”

மேடத்தின் வலது கை மேசைக்கு அடியில் போனது. என்ன செய்கிறார் என்று தெரியவில்லை, தோள் மட்டும் லேசாக அசைந்தது. அடுத்த கணம் அவர் முகம் சுருங்கி, உடனே பழைய முகமானது. கை மேலே வந்தபோது மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சிலருக்கு வந்தாலும் தெரியாது, தெரிய விட மாட்டார்கள்.

“நீ சொல்றது சரி” என்றார் மேடம். “ஆனா வெறும் தாள் குடுத்து, ஆமைக்கு ஒண்ணும் ரெண்டுமா வந்துச்சுன்னு வை. மேல இருக்கறவங்க என்ன கேப்பாங்க? போன வாரம் அறுபது பேரும் பொய் எழுதினாங்களான்னு கேப்பாங்க. அப்ப இவங்க எழுதற கோளாறுப் பட்டியலை எந்த லட்சணத்துல நம்பறதுன்னு விளையாட்டுக் கம்பெனிக்காரன் கேப்பான். சோதனைக்காரனோட வாக்குதான்ம்மா நம்ம சரக்கு. அதைச் சந்தையில போட்டு உடைக்கச் சொல்றியா?”

“அது ஏற்கெனவே உடைஞ்சிருக்கு மேடம். நான் சத்தம் கேட்டுச்சுன்னுதான் சொல்றேன்.”

மேடம் கணினியில் எதையோ தட்டினார். மூலையில் இருந்த அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, அதன்மேல் கூழாங்கல்லை வைத்தார்.

“இது உனக்கு. உனக்கு மட்டும். வெள்ளிக்கிழமை கடிதமும் வரும், நான் பொறுப்பு. கேப்டன் ஒண்ணும் சொல்ல மாட்டார். கீழ ஒரு கையெழுத்துப் போடு.”

கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டரை வருஷத்தில் யாருக்கும் கிடைக்காதது. கை பிழைக்கும், வேலையும் பிழைக்கும். அவள் கூழாங்கல்லை நகர்த்திவிட்டுத் தாளைப் படித்தாள். நான்கே வரி. எனக்குள்ள கை வலி நான் இங்கு பணியில் சேருமுன்பே இருந்தது. அலுவலகக் கருவிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனிப்பட்ட விருப்பத்தின் பேரில் வேறு மவுஸ் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். இது தொடர்பாகப் பிற ஊழியர்களிடம் பேச மாட்டேன்.

இரண்டாம் தடவையும் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி, ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்து.

அவளுக்குப் பத்து வயதில் அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கியது. அவர் மூட்டை தூக்கிய கிட்டங்கியிலிருந்து ஒருவர் தாள் ஒன்று கொண்டுவந்தார். நல்ல மனுஷர், பழமெல்லாம் வாங்கி வந்தார். அப்பா மையைத் தொட்டுக் கட்டைவிரலை வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பாவின் வலது தோள் இன்றைக்கும் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்தே இருக்கிறது.

“என்ன யோசனை? உனக்கு ஒரு குறையும் இல்லையே இதுல” என்றார் மேடம். குரலில் நிஜமான கரிசனம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“முதல் வரியே பொய் மேடம்.”

“வெறும் சம்பிரதாயம்.”

“போன வாரத் தாளும் சம்பிரதாயம்தான். லெஃப்ட்டுக்கு வலது கை முளைச்சிருச்சு.”

“வாய் உனக்கு ரொம்ப நீளம்.”

“கை சின்னது மேடம். எதாவது ஒண்ணு நீளமா இருக்கணும்ல.”

மேடம் பேனாவை நீட்டினார். “சின்னப் பொண்ணு. உணர்ச்சிவசப்படாதே. வீட்டுல எத்தனை பேர் உன்னை நம்பி இருக்காங்க?”

“அப்பா, அம்மா, ரெண்டு பேர். படிக்காம கைநாட்டு வைக்கறது எங்க வீட்டுல பரம்பரை. படிச்சிட்டு வைக்காம இருக்கறதுக்குத்தான் அந்த ரெண்டு பேரும் என்னைப் படிக்க வச்சாங்க.”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். மேடத்தின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அவள் தாள்கட்டை இழுத்து, முப்பத்தொன்றாம் எண்ணைத் தேடி எடுத்தாள். ஆமைக்கு நேரே தன் கையால் போட்டிருந்த ஐந்தை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினாள். வலித்தது, எழுத்துக் கோணியது. கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டாள். பக்கத்தில் படிகளை எழுதினாள், கோளாறு எழுதுகிற மாதிரியே: மூன்றாம் கட்டம், கயிற்றுப் பாலம், தூக்கி வைக்கும்போது கட்டைவிரல் இரண்டாம் பொத்தானில் படுகிறது, மூன்று முறை, உடன் இருந்தவர்கள் மேலாளர், குழுத் தலைவர். அந்தத் தாளைக் கட்டின் உச்சியில் வைத்து, பேனாவை மூடி மேடம் பக்கம் தள்ளினாள். நான்கு வரித் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

“இதைக் கிழிச்சுப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது” என்றார் மேடம்.

“தெரியும் மேடம். நீங்க பார்த்துட்டீங்க. அதைக் கிழிக்க முடியாது.”

“வெள்ளிக்கிழமை...”

“கடிதம் வராது. அதுவும் தெரியும். காலைல வாயைத் திறக்கறப்பவே தெரியும்.”

வெளியே வந்தபோது கூடத்தில் ஒரு விரல்கூட அசையவில்லை. அவள் தன் மேசைக்குப் போய்ப் பையை எடுத்தாள், சாப்பிடாத சாப்பாட்டு டப்பாவை அதற்குள் போட்டாள். அக்கா தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

“குடுத்தாங்களாடி?”

“குடுத்தாங்க. நான் வாங்கல.”

“பைத்தியமாடி நீ? எங்கடி போறே? மணி இன்னும் நாலுகூட ஆகலடி.”

“வீட்டுக்குப் போறேன்க்கா. நீங்க டாக்டர்கிட்டப் போங்க.”

கேப்டன் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சற்று ஒதுங்கி வழிவிட்டார். கண்ணாடிக்குள் மேடம் அந்தத் தாள்கட்டின்மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தொலைபேசி. பேசுகிறாரா, பேசப் போகிறாரா என்று தெரியவில்லை. நான்கு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

அவள் நின்று பார்க்கவில்லை. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கினாள்.